கழுத்து வழியும் நெஞ்சு வழியும்

பாக்கியத்தின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கண்டது நான் அல்ல, எங்கள் மகள் மாலதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்தாள். அம்மா அண்ணாந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னொரு வாய் குடிங்க" என்றாள். பாக்கியம் குடித்தாள். குரல்வளைக்குக் கீழே வலப்பக்கம், கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ ஒன்று தண்ணீரோடு மேலே ஏறிக் கீழே இறங்கியது.

அந்த மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடுகிறவன் நான். துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். அடுக்கில் ஒரு மூட்டை குறைந்தால் வாசலிலிருந்தே சொல்லிவிடுவேன் என்று பெயர் எடுத்தவன். இன்றும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மின்விசிறிகளை எண்ணாமல் உட்கார மாட்டேன். என் மனைவியின் கழுத்து மட்டும் என் எண்ணிக்கையில் வரவில்லை.

தைராய்டு கட்டிக்கு அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டு, எந்த வழியில் செய்வது என்று குழம்பி நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாக்கியத்துக்கு இரண்டு வழியிலும் நடந்தது. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. உங்களுக்கு நல்லா இருக்கிறத மட்டும் எழுதாதீங்க" என்றாள்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், மூச்சுக்குழாயை அணைத்தபடி இரண்டு இறகுகளாக விரிந்திருக்கும் சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பாக்கியத்துக்கு வலது இறகில் கட்டி. மெல்லிய ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று அதில் தெளிவாகத் தெரியவில்லை. வலது இறகை எடுத்து முழுதாகச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார் அறுவை மருத்துவர். சீன இளைஞர்; எங்களோடு மலாயில்தான் பேசுவார். வெளிநாட்டில் பயிற்சி முடித்துப் பினாங்குக்குத் திரும்பி அதிக காலம் ஆகவில்லை.

அவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று பழையது. கழுத்தின் அடி மடிப்பில் கத்தியால் கீறி, நேரே பார்த்து எடுப்பது. இன்னொன்று இங்கே அப்போதுதான் வந்திருந்தது. மார்பின் ஓரத்திலும் அக்குளிலும் சின்னத் துளைகள் போட்டு, தோலுக்கு அடியில் கழுத்து வரைக்கும் சுரங்கம் மாதிரி வழி செய்து, காற்றை நிரப்பி, கேமரா பொருத்திய குழாயை (அகநோக்கி) உள்ளே விட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே எடுப்பது. கழுத்தில் தழும்பு இருக்காது. ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், நெஞ்சுத் தோல் சில வாரம் மரத்துப்போகும், நடுவில் ரத்தம் கசிந்தால் கழுத்தைத் திறக்க வேண்டியும் வரலாம் என்றார். எதையும் மறைக்கவில்லை.

"எது நல்லது டாக்டர்?" என்று கேட்டாள் பாக்கியம்.

"ரெண்டும் செய்யலாம் ஆன்ட்டி. எனக்குப் பழசுல கை நல்லாப் பழகியிருக்கு. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க நான் விடவில்லை. "புதுசுதான் டாக்டர். கழுத்துல தழும்பு வேண்டாம்" என்றேன்.

பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் முகம் சிவந்ததை அன்று பார்த்தேன். சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே பக்கத்து வீட்டு மேரியிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் சிரிப்பது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

நான் அவள் கழுத்தின் அழகை நினைத்துச் சொல்லவில்லை. கிடங்கில் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவிக்கு இதே மாதிரி கழுத்தில் கட்டி வந்தது. அறுவைக்காகத் தாலியைக் கழற்றினார்கள். அந்த மாதத்திலேயே கணவர் சாலை விபத்தில் இறந்துபோனார். தாலியைக் கழற்றியதால்தான் என்று அவர் வீட்டுப் பெண்கள் அழுதபோது, படித்தவர்கள் இப்படிப் பேசலாமா என்று கேட்டவன் நான். கேட்ட பிறகும் அந்த நினைப்பு எனக்குள் எங்கோ தங்கிவிட்டது. முந்தைய வருடம் எனக்கு நெஞ்சுவலி வந்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொள்ளும் நிலைமை வேறு. கழுத்தைக் கீறினால் தாலியைக் கழற்ற வேண்டும், நெஞ்சு வழியாகப் போனால் தாலி இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என் பயம் வெளியே தெரிந்துவிடும்.

அறுவை நாளன்று காலையில் தமிழ் மிஸ்ஸி (செவிலியர்) ஒருவர் வந்தார். வளையல், தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். கடைசியில், "தாலியும்தான்மா" என்றார்.

"இது நெஞ்சு வழியாச் செய்யற ஆப்பரேஷன். தாலி எதுக்குக் கழட்டணும்?" என்றேன் நான்.

"ஐயா, மின்சாரத்துலதான் ரத்தக்குழாயச் சுட்டு அடைப்பாங்க. உடம்புல தங்கம் இருந்தா அந்த இடம் வெந்துபோகும். எந்த வழியாச் செஞ்சாலும் கழட்டித்தான் ஆகணும்."

பாக்கியம் தயங்கவில்லை. மஞ்சள் கயிறு ஒன்று கேட்டாள். இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர் போலும், மிஸ்ஸியிடமே இருந்தது. ஒரு துண்டு மஞ்சளைக் கோத்து அவள் மணிக்கட்டில் என்னைக் கட்டச் சொன்னார்கள். என் கை நடுங்கியது. "எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்று என்னைத் தேற்றினாள் பாக்கியம். நான் யாருக்காக நடுங்கினேன் என்று அவளுக்குத் தெரியாது.

அறுவை சொன்னதைவிட நீண்டது. தாலிக்கொடி என் சட்டைப்பையில் இருந்தது. அதன் குண்டுகளை விரலால் தடவி எண்ணிக்கொண்டே வெளியே உட்கார்ந்திருந்தேன். என் நாடியையும் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். அந்த வராந்தாவில் என்னைத் தவிர எல்லோரும் உள்ளே இருக்கிறவர்களுக்காகக் காத்திருந்தார்கள்.

முதல் அறுவை நல்லபடியாகவே முடிந்தது. கழுத்தில் ஒரு கோடு இல்லை. ஆனால் மார்பெலும்பின் மேல் கன்றிப்போன நீலம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள் என்று மாறி மறைய வாரங்கள் ஆயின. ரவிக்கை உரசினால் எரிச்சல். அதே இடத்தை விரலால் தொட்டால் உணர்வில்லை. "தோலு என்னுது மாதிரி இல்ல. மேல ரப்பர் ஷீட்ட ஒட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்றாள். கையை உயர்த்தித் தலை வார முடியவில்லை. ஒவ்வொரு முறையும், "பரவால்ல, கழுத்து நல்லா இருக்குல்ல" என்று என்னைப் பார்ப்பாள். கண்ணாடி முன்னால் நின்று தாடையை உயர்த்திக் காட்டுவாள். நான் தலையாட்டுவேன்.

சோதனை முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. பாப்பிலரி வகைப் புற்று (தைராய்டில் வரும் புற்றுகளில் மெதுவாக வளர்வது, சரியாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாவது). மிச்சமிருக்கும் இடது இறகையும் எடுக்க வேண்டும், பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் (கிருமிகளையும் கெட்ட செல்களையும் வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "முதல்லயே கழுத்து வழியாச் செஞ்சிருந்தா இந்த ரெண்டாவது வேண்டியிருக்காதா?"

"அப்பவும் பாதிதான் எடுத்திருப்பேன் அங்கிள். முடிவு அதுக்கப்புறம்தான வந்தது."

"உறுதியாச் சொல்றீங்களா?"

அவர் "அநேகமா" என்றார். அந்த ஒரு சொல்லை இன்று வரைக்கும் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பிறகு அவர் பாக்கியத்தைப் பார்த்து, "ஆன்ட்டி, இந்தத் தடவ கழுத்து வழியாப் போறது நல்லது. கணுவெல்லாம் நான் கண்ணால பாக்கணும், தொட்டுப் பாக்கணும். கேமராவுக்கு விரல் இல்ல" என்றார்.

"வேணாம் டாக்டர்" என்றாள் பாக்கியம். "போன தடவ மாதிரியே செஞ்சிடுங்க. கழுத்துல தழும்பு இருந்தா இவருக்கு மனசு கஷ்டப்படும்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முடியாது என்று அவர் மறுக்கவில்லை. நெஞ்சு வழியாகவும் முயலலாம், ஆனால் தன் யோசனை வேறு, இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

இப்போது விஷயம் தழும்பைப் பற்றியது அல்ல. எனக்காக, நான் உண்மையில் கேட்காத ஒன்றுக்காக, புற்றைச் சரியாகப் பார்க்க முடியாத வழியை அவள் தேர்ந்தெடுக்கப் போகிறாள். மாலதியிடம் முடிவைச் சொல்ல அன்றைக்கே பட்டர்வொர்த்துக்குப் படகு ஏறினோம். மேல் தட்டில் உட்கார்ந்தோம். படகு கரையை விட்டு நகர்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன்.

"என்ன? காத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

இன்னொரு முறை சொன்னேன். எஞ்சின் இரைச்சல் விழுங்கிவிட்டது. கடைசியில் கத்தினேன். "உன் கழுத்தப் பத்தி நான் கவலப்படல. தாலியக் கழட்டினா நான் செத்துப்போவேன்னு பயந்தேன். அதான் நெஞ்சு வழியாச் செய்யச் சொன்னேன்."

எதிரே பாசார் (சந்தை) கூடையை மடியில் வைத்திருந்த தமிழ்ப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

பாக்கியம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அப்ப தழும்பு வேணாம்னு சொன்னது?"

"அது சும்மா சொன்னது."

"நான் மேரிகிட்ட சொல்லிட்டேன்லா. இந்த வயசுல கிழவருக்கு என் கழுத்து மேல கண்ணுன்னு. அவ சிரிச்சா. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்."

எதிரே இருந்தவள் பொறுக்க முடியாமல், "விடுங்கக்கா. ஆம்பளைங்க பயத்த வெளிய சொல்லவே மாட்டாங்க. இவரு ஒத்துக்கிட்டாரே" என்றாள்.

"ஒத்துக்கல தங்கச்சி. மாட்டிக்கிட்டாரு" என்றாள் பாக்கியம்.

படகு அக்கரை சேர்ந்தது. இறங்கும்போது நான் கை கொடுத்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாலதியின் அலுவலகத்திலிருந்தே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னாள், கழுத்து வழியாகவே செய்யலாம் என்று. அதற்குப் பிறகு சாப்பாடு போட்டாள், துணி மடித்து வைத்தாள், என் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். பேசவில்லை.

இரண்டாவது அறுவையன்று தாலியை அவளே கழற்றி மாலதியிடம் கொடுத்தாள். மிஸ்ஸி மஞ்சள் கயிற்றை நீட்டியபோது, "வேணாம் மிஸ்ஸி, அது இல்லாட்டியும் இவரு இருப்பாரு" என்றாள். தள்ளுவண்டியில் அவள் வெறும் மணிக்கட்டோடு உள்ளே போனாள். அன்று என் நாடியைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த அறுவை முதலாவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. கழுத்தில் பிளாஸ்திரி. வலி குறைவு. நெஞ்சில் எதுவும் இல்லை. ஆனால் கண் விழித்ததும் அவளிடமிருந்து குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறது. அது அறுபடவில்லை, இழுபட்டுச் சோர்ந்திருக்கிறது, மாதக்கணக்கில் மெல்லத் தேறலாம் என்றார் மருத்துவர். கிசுகிசுப்பாகப் பேசக்கூடாது, அது நாண்களை இன்னும் வருத்தும், தேவையானால் மெதுவாகக் குரல் கொடுத்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள் என்று சொன்னார்.

இதில்தான் நான் இரண்டாவது தவறு செய்தேன். அவள் பேசாதது நரம்பினாலா கோபத்தினாலா என்று எனக்குத் தெரியவில்லை. மாலதியிடம் சைகை காட்டினாள். மிஸ்ஸியிடம் உதட்டை அசைத்தாள். என்னைப் பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் பிற்பகல் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னை நோக்கிக் கையை வீசினாள். மறுபடியும் வீசினாள். போ என்கிறாள் என்று நினைத்தேன். போனேன். வராந்தாவில் நின்றுகொண்டு, இந்தத் தண்டனை எனக்கு நியாயம்தான் என்று என்னையே நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி உள்ளே ஓடுவதைப் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தேன். பாக்கியத்தின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டு உள்பக்கமாக வளைந்து விறைத்துப்போயிருந்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததாம். தைராய்டின் பின்னால் நெல் அளவில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியிருக்கும் (இணைத் தைராய்டு, ரத்தத்தில் கால்சியத்தைச் சமமாக வைப்பவை). அறுவைக்குப் பின் அவை சில நாள் வேலை செய்யாமல் போகலாம். கால்சியம் இறங்கிவிட்டது. ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற ஏற விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவள் கையை வீசியது என்னை விரட்ட அல்ல, கையைக் காட்ட.

இதைப் படிக்கிறவர்கள் இதையாவது நினைவில் வையுங்கள். தைராய்டு அறுவை முடிந்தவருக்கு உதடோ விரல் நுனியோ மரத்துப்போனால், உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். அவருக்குக் குரல் இல்லாமல் இருக்கலாம். அவர் உங்கள் மேல் கோபமாகவும் இருக்கலாம். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வழி நல்லது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நெஞ்சு வழியில் கழுத்து தப்பியது, நெஞ்சு நொந்தது. கழுத்து வழியில் வலி குறைவு, தழும்பு நிரந்தரம். குரலும் கால்சியமும் சரிந்தது இரண்டாவதற்குப் பிறகுதான். ஆனால் அது மொத்தச் சுரப்பியையும் எடுத்த அறுவை, முதலாவது பாதியை மட்டும் எடுத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று மருத்துவர் சொன்னார். கைதேர்ந்த மருத்துவரிடம் யாரோ ஒருவருக்கு முதல் வழி பொருந்தும், இன்னொருவருக்கு இரண்டாவது பொருந்தும். கழுத்து யாருடையதோ அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் ஏன் ஒன்றை வேண்டும் என்கிறார் என்று அவரையும் ஒரு முறை கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தும் அவள் என்னிடம் பேசவில்லை. காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் (சுரப்பி செய்த வேலையைச் செய்யும் மாத்திரை), மற்ற வேளைகளில் கால்சியம். எடுத்துக் கொடுப்பது நான். வாங்கிக்கொள்வாள். மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், இடது நாண் மெல்ல அசையத் தொடங்கிவிட்டது, தினமும் கொஞ்ச நேரம் எதையாவது வாய்விட்டுப் படியுங்கள் ஆன்ட்டி, குரல் பழகும் என்றார்.

வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வரும். பாக்கியம் தலைப்புச் செய்தியைப் படிக்கவில்லை. மரண அறிவிப்புப் பக்கத்தைப் பிரித்து, என் எதிரே உட்கார்ந்து, கரகரத்த குரலில் ஒவ்வொன்றாகப் படித்தாள். பெயர், ஊர், வயது, விட்டுச் சென்றவர்கள். மூச்சு போதாமல் நடுவே நிறுத்துவாள். மாரடைப்பில் இறந்தவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். நான் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளும் அதே பக்கம். அதற்கடுத்த நாளும்.

ஒரு வாரம் இப்படிப் போயிருக்கும். கடைசி அறிவிப்பையும் படித்து முடித்துப் பத்திரிகையை மடித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் உங்க பேரு இல்ல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் எனக்குக் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கழுத்தில் இருக்கும் கோடு வெளுத்து, இப்போது ஒரு மடிப்பு போலத்தான் தெரிகிறது. நெஞ்சில் இன்னும் ஓரிடத்தில் உணர்வு திரும்பவில்லை. அந்த இடத்தை அவள் தன் விரலால் அவ்வப்போது தட்டிப் பார்ப்பதை நான் பார்க்கிறேன். குரல் திரும்பியது. ஆனால் ஒரு கட்டை இறங்கிவிட்டது. மாடியிலிருந்து கீழே நிற்கும் காய்கறி வேன்காரரைக் கூப்பிட்ட குரல் இப்போது சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதில்லை.

அதனால் எங்கள் வீட்டில் வானொலி குறைந்துவிட்டது. விசிறியைக்கூட மெதுவாகச் சுழல விடுகிறோம். பகல் நீளமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. முன்பு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருவருக்கொருவர் பதில் கொடுத்துப் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டோம். இப்போது அவள் உள்ளேயிருந்து ஏதோ சொல்கிறாள். எனக்குப் பாதிதான் கேட்கிறது. என்ன என்று இங்கிருந்தே கேட்டால் இரண்டாவது தடவை சொல்ல மாட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் இருக்கும் இடத்துக்குப் போகிறேன்.